எத்தனை சர்வர், எந்தப் பாதை? ஃபெயில்ஓவர் கிளஸ்டரின் எல்லைகள்

விண்டோஸ் சர்வரில் ஒரு ஃபெயில்ஓவர் கிளஸ்டருக்குள் 64 நோடுகள் வரை சேர்க்கலாம். 2012ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து இந்த எண் மாறவில்லை. அதே விண்டோஸில், சர்வர்களுக்குள் இருக்கும் வட்டுகளையே பொதுச் சேமிப்பாக்கும் ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் டைரக்டைப் பயன்படுத்தினால் எல்லை 16ஆகச் சுருங்கிவிடுகிறது. விஎம்வேரின் விஸ்பியரில் 6.0 பதிப்பில் 64, 7.0 அப்டேட் 1 வந்தபோது 96. ரெட் ஹேட் லினக்ஸில் வெகுகாலம் 16ஆக இருந்தது, 8.1 பதிப்பில் 32 ஆயிற்று. குபர்னெட்டிஸோ 5,000 என்கிறது. இவையெல்லாம் ஓடுவது ஏறக்குறைய ஒரே வகைப் பெட்டிகளில்தான். ஒரே பிராசசர், ஒரே நெட்வொர்க் கார்டு, ஒரே ஸ்விட்ச். அப்படியிருந்தும் எண்கள் ஏன் இவ்வளவு விலகி நிற்கின்றன?

இந்த எண்கள் சர்வரின் பலத்திலிருந்து பிறக்கவில்லை. ‘யார் உயிரோடு இருக்கிறார், யார் இல்லை’ என்பதில் எல்லா நோடுகளும் ஒரே முடிவுக்கு வர எவ்வளவு பேச்சு தேவை, அந்தப் பேச்சு எந்த வழியாகப் போகிறது என்பதிலிருந்தே பிறக்கின்றன. கிளஸ்டர் திட்டமிடுபவர்கள் நோடு எண்ணிக்கையை ஓர் அட்டவணையிலும் நெட்வொர்க்கை வேறோர் அட்டவணையிலும் போடுவது வழக்கம். இரண்டும் ஒரே கேள்வி என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இரண்டிலிருந்து அறுபத்து நான்குக்கு

இந்தச் சிந்தனை மைக்ரோசாஃப்டில் தொடங்கியதல்ல. 1976இல் வெளிவந்த டாண்டம் நான்ஸ்டாப் கணினியில் 2 முதல் 16 பிராசசர்கள் வரை வைக்கலாம். அவற்றை இணைக்க இரண்டு தனித்தனிப் பாதைகள் இருந்தன. ஒவ்வொரு பிராசசரும் வினாடிக்கு ஒருமுறை ‘நான் உயிரோடு இருக்கிறேன்’ என்று மற்றவற்றுக்குச் செய்தி அனுப்பும். செய்தி வராவிட்டால் அது செத்துவிட்டதாகக் கொண்டு அதன் வேலையை இன்னொன்று ஏற்கும். இன்றைய கிளஸ்டரின் எலும்புக்கூடு முழுவதும் அதிலேயே இருக்கிறது: வரம்புக்குட்பட்ட எண்ணிக்கை, இரட்டைப் பாதை, சீரான துடிப்பு.

1983இல் டிஜிட்டல் நிறுவனம் வாக்ஸ்கிளஸ்டரை அறிவித்தது. அதன் உள் இணைப்பு வினாடிக்கு 70 மெகாபிட் வேகமுள்ளது. அதிலும் பாதை இரட்டைதான். நடுவில் நட்சத்திர வடிவில் ஓர் இணைப்பான், அதில் 16 நோடுகள். வன்பொருளில் எத்தனை துளைகளோ அத்தனை நோடு. பின்னாளில் ஈதர்நெட் வழியாகவும் இணையலாம் என்றானபோது ஓபன்விஎம்எஸ் கிளஸ்டரின் எல்லை 96 வரை போனது. பாதை மாறியதும் எண் மாறியது. ஓட்டுப்போட்டுப் பெரும்பான்மை காணும் முறையும் அந்தக் காலத்திலேயே அங்கு வந்துவிட்டது. வாக்ஸின் இயங்குதளமான விஎம்எஸ்ஸை உருவாக்கியவர்களில் முதன்மையான டேவ் கட்லர் 1988இல் மைக்ரோசாஃப்டுக்குப் போய் விண்டோஸ் என்டியை உருவாக்கினார்.

அந்த என்டிக்கு 1997இல் கிளஸ்டர் வந்தது. உள்ளே அதற்கு ‘வுல்ஃப்பேக்’ என்று பெயர். இரண்டே நோடுகள். இரண்டுக்கும் நடுவே ஒரே ஸ்கஸி கேபிளில் தொங்கும் வட்டு. யார் அந்த வட்டைப் பிடித்துவைத்திருக்கிறாரோ அவரே உரிமையாளர். விண்டோஸ் 2000இன் டேட்டாசென்டர் பதிப்பில் 4 ஆனது, 2003இல் 8, 2008இல் 64-பிட் கணினிகளில் 16, 2012இல் 64. இந்த வளர்ச்சியை வெறும் தாராள மனமாகப் பார்க்கக் கூடாது. ஒவ்வொரு தாவலுக்கும் முன்னால் ஒரு தடை உடைந்திருக்கிறது. பழைய முறையில் வட்டின் உரிமைக்காக நோடுகள் மோதும்போது பஸ் முழுவதையும் ரீசெட் செய்வார்கள். அதே இணைப்பில் இருந்த மற்றவர்களின் வேலையும் அறுபடும். நோடு கூடக்கூட இந்தத் தொல்லை பெருகும். 2008இல் ஸ்கஸி-3இன் நிலையான முன்பதிவு முறை கட்டாயமானதும் அந்த ரீசெட் ஒழிந்தது. யுடிபி பாக்கெட்டாக 3343 போர்ட்டில் போகும் துடிப்பும் ஒரே சப்நெட்டுக்குள் அடங்காமல் அதைத் தாண்டிப் போகத் தொடங்கியது. வெவ்வேறு சப்நெட்டில் இருக்கும் சர்வர்களையும் ஒரே கிளஸ்டரில் சேர்க்க முடிந்ததும் அந்தப் பதிப்பில்தான். என் கணிப்பில் 2012இன் 64ஐவிட 2008இன் இந்த மாற்றமே பெரியது.

ஒப்புக்கொள்ள ஆகும் செலவு

1985இல் ஃபிஷர், லிஞ்ச், பேட்டர்சன் மூவரும் ஒரு கணித முடிவை வெளியிட்டார்கள். செய்தி எப்போது வந்துசேரும் என்று உத்தரவாதம் இல்லாத அமைப்பில், ஒரே ஒரு உறுப்பு செயலிழக்கும் வாய்ப்பு இருந்தாலும், எப்போதும் ஒருமித்த முடிவுக்கு வந்தே தீரும் வழிமுறை எதுவும் இருக்க முடியாது என்பது அதன் சாரம். நடைமுறையில் இதற்குப் பொருள்: பதில் சொல்லாத சர்வர் செத்துப்போனதா, மெதுவாக இருக்கிறதா என்று நெட்வொர்க்கின் மறுமுனையிலிருந்து பிரித்தறியவே முடியாது. ஆகவே எல்லாக் கிளஸ்டரும் ஒரு காலக்கெடுவை வைத்து ஊகிக்கிறது. விண்டோஸில் துடிப்பு வினாடிக்கு ஒன்று. ஒரே சப்நெட்டில் வரிசையாக 10 துடிப்பு தவறினால் அந்த நோடு விலக்கப்படும். சப்நெட் தாண்டியிருந்தால் 20. இது 2016 முதல் உள்ள அளவு. அதற்கு முன் பொதுவாக 5 துடிப்புதான் பொறுத்தது. அவசரப்பட்டு விலக்குவதால் வரும் சேதம், சற்றுக் காத்திருப்பதால் வரும் சேதத்தைவிடப் பெரிது என்று அனுபவம் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

இந்த ஊகத்தை எப்படிப் பகிர்ந்துகொள்வது என்பதில்தான் எண்ணிக்கையின் முடிச்சு இருக்கிறது. ஒவ்வொரு நோடும் மற்ற ஒவ்வொன்றையும் கவனித்தால், 4 நோடுகளுக்கு 6 ஜோடிகள், 16க்கு 120, 64க்கு 2,016. துடிப்புப் பாக்கெட் மிகச் சிறியது என்பதால் அலைவரிசை ஒரு பொருட்டல்ல. ஆனால் 2,016 ஜோடிகளில் எங்கோ ஒன்று தடுமாறும் வாய்ப்பு 6 ஜோடிகளில் இருப்பதைவிட எவ்வளவு அதிகம் என்று எண்ணிப்பாருங்கள்.

லினக்ஸின் கோரோசிங்க் வேறு வழியில் போகிறது. அதில் ஒரு டோக்கன் நோடுக்கு நோடு கைமாறி வட்டமாகச் சுற்றும். டோக்கன் கையில் இருப்பவரே பேசலாம். வட்டம் பெரிதானால் சுற்றும் நேரமும் கூடும். அதன் அமைப்பில் இந்த உண்மை ஒரு சூத்திரமாகவே எழுதப்பட்டிருக்கிறது: அடிப்படைக் காத்திருப்பு 3,000 மில்லி வினாடி, இரண்டுக்கு மேற்பட்ட ஒவ்வொரு நோடுக்கும் கூடுதலாக 650. அதன்படி 3 நோடுக்கு 3.65 வினாடி, 16க்கு 12.1 வினாடி, 32க்கு 22.5 வினாடி. ஒரு சர்வர் விழுந்ததை உணரவே இவ்வளவு நேரம். புதிய உறுப்பினர் பட்டியலை ஒப்புக்கொள்வது, சேவையை வேறிடத்தில் எழுப்புவது எல்லாம் அதற்கு மேல். ரெட் ஹேட் ஏன் பல ஆண்டுகள் 16ஐத் தாண்டத் தயங்கியது என்பதற்கு இந்தக் கணக்கைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

மூன்றாவது வழி நட்சத்திரம். விஎம்வேர் முன்பு ஐந்து சர்வர்களை முதன்மையாக வைத்திருந்தது. 2011இல் வந்த விஸ்பியர் 5இல் அதை விட்டுவிட்டு ஒரே தலைவனைத் தேர்ந்தெடுக்கும் முறைக்கு மாறியது. மற்றவர்கள் தலைவனோடு மட்டும் பேசினால் போதும். 96 வரை அது வளர முடிந்ததற்கு இந்த வடிவம் துணைநின்றிருக்க வேண்டும். நெட்வொர்க்கில் துடிப்பு நின்றால், பொதுச் சேமிப்பில் அந்த சர்வர் விட்டுச்செல்லும் தடத்தையும் தலைவன் பார்த்துக்கொள்கிறான். ஒரு பாதையின் மௌனத்தை இன்னொரு பாதையில் சரிபார்க்கும் இந்த ஏற்பாட்டை நான் பெரிதும் மதிக்கிறேன்.

துடிப்போடு முடிவதில்லை. கிளஸ்டரின் அமைப்பில் எந்த மாற்றம் நடந்தாலும் அது நோடுகளுக்கெல்லாம் போய்ச்சேர வேண்டும். விண்டோஸில் மாற்றத்தை எல்லா நோடும் பெற்றுக்கொண்ட பிறகே அடுத்தது என்ற முறை இருந்தது. 64 நோடில் ஒன்று மந்தமாக இருந்தால் மற்ற 63ம் காத்திருக்கும். ஆகவே 2012 ஆர்2இல், விர்ச்சுவல் கணினிகளை ஓட்டும் ஹைப்பர்-வி கிளஸ்டர்களுக்குப் பெரும்பான்மை ஒப்புக்கொண்டால் போதும் என்று தளர்த்தினார்கள்.

இங்கே கோரம் (quorum) என்னும் பெரும்பான்மை விதியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சங்கப் பொதுக்குழு இரண்டு அறைகளில் தனித்தனியாகக் கூடி இரண்டு தலைவர்களைத் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகுமோ, நெட்வொர்க் பிளந்த கிளஸ்டருக்கும் அதுவே ஆகும்: இரண்டு பாதிகளும் தாமே உரிமையாளர் என்று ஒரே வட்டில் எழுதித் தரவைக் கெடுத்துவிடும். அதனால்தான் பாதிக்கு மேல் ஓட்டுள்ள பக்கம் மட்டுமே இயங்கலாம் என்ற விதி. இரண்டு நோடு கிளஸ்டரில் பாதிக்கு மேல் என்றால் இரண்டுமே வேண்டும். எனவே மூன்றாவது ஓட்டாக ஒரு சாட்சி தேவை. அது ஒரு சிறு வட்டாக இருக்கலாம், வேறு சர்வரிலுள்ள கோப்புறையாக இருக்கலாம், 2016 முதல் அஸ்யூர் கிளவுடில் ஒரு சிறு கோப்பாகவும், 2019 முதல் ரவுட்டரில் செருகிய யுஎஸ்பி டிரைவாகவும் இருக்கலாம். கிளைகளில் இரண்டே சர்வர் வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு இந்தக் கடைசி இரண்டும் உண்மையான வரப்பிரசாதம். சாட்சியை அதே இரண்டு சர்வர்களில் ஒன்றின் மேல் ஓடும் விர்ச்சுவல் கணினியில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி வைப்பதற்கு வைக்காமலே இருக்கலாம்.

லினக்ஸ் மரபு கோரத்தோடு நிற்காமல், சந்தேகத்துக்குரிய நோடின் மின்சாரத்தையே துண்டிக்கச் சொல்கிறது. கடுமையாகத் தோன்றும். ஆனால் செத்ததா மெதுவானதா என்று அறிய முடியாத இடத்தில், செத்ததை உறுதிசெய்துவிடுவதே அந்த 1985 முடிவுக்கு நேர்மையான பதில்.

குபர்னெட்டிஸ் 5,000ஐ எப்படி எட்டியது என்பதும் இப்போது விளங்கும். அங்கே ஓட்டுப்போடுபவர்கள் 5,000 பேர் இல்லை. முடிவெடுப்பது எட்சிடி என்னும் சிறு குழு. அதில் வழக்கமாக 3 அல்லது 5 உறுப்பினர், அதிகம் போனால் 7. மற்றவை வேலைசெய்யும் நோடுகள் மட்டுமே. கூகுள் 2006இல் வெளியிட்ட சப்பி என்ற பூட்டுச் சேவையும் ஐந்து பிரதிகளை வைத்தே இயங்கியது. லினக்ஸ் கிளஸ்டர் மென்பொருளான பேஸ்மேக்கரில் ஓட்டில்லாத தொலைநோடுகள், விண்டோஸ் 2019இல் பல கிளஸ்டர்களைக் கோக்கும் கிளஸ்டர் செட் என எல்லாரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்: வேலை செய்பவர் எத்தனை பேராகவும் இருக்கட்டும், ஓட்டுப்போடுபவர் சிலராக இருக்கட்டும்.

அப்படியானால் 64 வரை நிரப்பலாமா? 64 என்பது சோதித்து உத்தரவாதம் தரப்பட்ட எண், பரிந்துரைத்த எண் அல்ல. ஒரு சர்வர் விழுந்தால் அதன் சுமையை ஏற்கக் காலியாக வைக்க வேண்டிய திறன் 2 நோடில் 50 சதவீதம், 4இல் 25, 8இல் 12.5, 16இல் 6.25, 32இல் சுமார் 3. எட்டு, பதினாறைத் தாண்டிய பிறகு மிச்சமாவது சொற்பம். ஒரே நேரத்தில் இரண்டு விழும் வாய்ப்போ ஏறிக்கொண்டே போகிறது. பராமரிப்பையும் பாருங்கள். அப்டேட் ஒவ்வொரு நோடாகத்தான் போடப்படும். நோடுக்கு அரை மணி நேரம் என்றால் 64க்கு 32 மணி நேரம். ஒரு தவறான அமைப்பு கிளஸ்டர் முழுவதையும் பாதிக்கும். பெரும்பாலான நிறுவனங்களுக்கு ஒரு 32 நோடு கிளஸ்டரைவிட நான்கு 8 நோடு கிளஸ்டர்கள் நல்லது என்றே நினைக்கிறேன். எண்ணிக்கையைக் கூட்டச் செலவிடும் பணத்தை நெட்வொர்க்கில் போடட்டும்.

பாதைகள்

துடிப்புக்கென்று இரண்டு சர்வருக்கும் நடுவே தனியாக ஒரு கிராஸ்ஓவர் கேபிள் போடுவது பழைய தலைமுறையின் வழக்கம். விண்டோஸ் 2008க்குப் பிறகு அது தேவையில்லை. அனுமதித்த எல்லா நெட்வொர்க்கிலும் துடிப்பு போகும். ஆனால் ஒரே நெட்வொர்க் போதும் என்று இதற்குப் பொருளல்ல. சரிபார்ப்பு ஆய்வை ஓட்டினால் ஒற்றைப் பாதையைக் கண்டதும் எச்சரிக்கிறது. அந்த மஞ்சள் எச்சரிக்கையைப் பார்த்தும் கடந்துபோவது மிகப் பரவலான பிழை.

விண்டோஸ் ஒரு சப்நெட்டை ஒரு நெட்வொர்க்காகக் கணக்கிடும். இரண்டு கார்டுகளை ஒரே சப்நெட்டில் வைத்தால் பழைய பதிப்புகள் அவற்றில் ஒன்றை மட்டுமே பயன்படுத்தின. 2016 முதல் இரண்டையும் அடையாளம் கண்டுகொள்கிறது. ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் ஒரு பங்கு தர வேண்டும்: கிளஸ்டர் தொடவே கூடாதது, உட்பேச்சுக்கு மட்டுமானது, உட்பேச்சுக்கும் பயனர்களுக்கும் பொதுவானது. ஐஸ்கஸி சேமிப்புக்கான பாதையை முதல் வகையில் போடுவது நல்ல பழக்கம். டீஃபால்ட் கேட்வே ஒரு கார்டில் மட்டும் இருக்க வேண்டும்.

முன்பு மேலாண்மைக்கு ஒரு கார்டு, லைவ் மைக்ரேஷனுக்கு ஒன்று, துடிப்புக்கு ஒன்று, பயனர்களுக்கு இரண்டு என்று சர்வரின் முதுகில் ஆறேழு ஒரு கிகாபிட் கேபிள்கள் தொங்கும். இன்று இரண்டு 25 கிகாபிட் கார்டுகளைச் சேர்த்து எல்லாவற்றையும் அவற்றிலேயே அனுப்புவது வழக்கமாகிவிட்டது. காரணம் எளிய கணக்கு. 128 ஜிபி நினைவகமுள்ள விர்ச்சுவல் கணினியை ஒரு கிகாபிட் பாதையில் நகர்த்தக் குறைந்தது 17 நிமிடம் ஆகும்; 10 கிகாபிட்டில் இரண்டு நிமிடத்துக்குள், 25இல் முக்கால் நிமிடத்துக்குள். 2012இல் விண்டோஸுக்குள்ளேயே வந்த டீமிங், 2016இல் ஹைப்பர்-வி ஸ்விட்சுக்குள்ளேயே எட்டு கார்டுகள் வரை சேர்க்கும் முறையாக மாறியது. புதிதாகக் கட்டுபவர்கள் பின்னதையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

சேர்த்து அனுப்புவதில் ஆபத்தும் உண்டு. நள்ளிரவில் பேக்கப் பாதையை அடைத்துக்கொண்டால் துடிப்பு பின்னால் வரிசையில் நிற்கும். நோடு நன்றாகவே இருக்கும், அதன் குரல் மட்டும் தாமதமாகும், கிளஸ்டர் அதை வெளியேற்றும். ஒவ்வொரு வகைப் போக்குவரத்துக்கும் குறைந்தபட்சப் பங்கை ஒதுக்குவது இந்த அமைப்பில் விருப்பத்தேர்வு அல்ல.

ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் டைரக்டில் நெட்வொர்க்கின் பொறுப்பு இன்னும் கனமானது. மூன்று பிரதி முறையில் எழுதும் ஒவ்வொரு தரவும் வேறு சர்வர்களுக்குப் போய்ச்சேர்ந்த பிறகுதான் எழுதியதாகக் கணக்கு. அதாவது நெட்வொர்க்கே வட்டின் கேபிள். அங்கே எல்லை 16ஆக நின்றது எனக்கு வியப்பளிக்கவில்லை. பிராசசரைத் தொந்தரவு செய்யாமல் நினைவகத்திலிருந்து நினைவகத்துக்கே தரவை மாற்றும் ஆர்டிஎம்ஏ கார்டுகள் இங்கே பெரிதும் உதவுகின்றன. அதில் இரண்டு பள்ளிகள். ரோக்கி முறைக்குப் பாக்கெட் தொலையாத நெட்வொர்க் வேண்டும். ஸ்விட்ச்களில் முன்னுரிமை நிறுத்தக் கட்டுப்பாட்டை ஒவ்வொரு போர்ட்டிலும் பிசகாமல் அமைக்க வேண்டும். ஐவார்ப் டிசிபியின் மேல் ஓடுவதால் சாதாரண ஸ்விட்சே போதும். நெட்வொர்க் பொறியாளர் முழுநேரம் இல்லாத இடங்களில் ஐவார்ப்தான் பாதுகாப்பு. பாதி அமைத்த ரோக்கி, ஆர்டிஎம்ஏ இல்லாததைவிட மோசம். இரண்டு மூன்று நோடுகளே என்றால் ஸ்விட்சே இல்லாமல் சர்வருக்குச் சர்வர் நேரடிக் கேபிள் போட்டுவிடலாம். நான்காவது வந்தால் ஜோடிகள் ஆறு, இரட்டைப் பாதைக்குக் கேபிள்கள் பன்னிரண்டு. அந்தச் சிக்கனம் அங்கே தீர்ந்துபோகிறது.

தூரத்தை எந்தக் கார்டாலும் வெல்ல முடியாது. கண்ணாடி இழையில் ஒளி போய்த் திரும்ப 100 கிலோமீட்டருக்கு ஒரு மில்லி வினாடி பிடிக்கும். உடனுக்குடன் பிரதியெடுக்கும் ஸ்டோரேஜ் ரெப்ளிகாவுக்கு மைக்ரோசாஃப்ட் சொல்வது 5 மில்லி வினாடி. இன்னொரு கண்ணி டிஎன்எஸ்ஸில் இருக்கிறது. சப்நெட் தாண்டி ஃபெயில்ஓவர் ஆனால் சேவையின் ஐபி முகவரி மாறும். ஆனால் அந்தப் பெயருக்கான பதிவின் ஆயுள் இயல்பாக 1,200 வினாடி. சேவை அரை நிமிடத்தில் எழுந்துவிட்டாலும் பயனர்களின் கணினிகள் இருபது நிமிடம் வரை பழைய முகவரியையே தட்டிக்கொண்டிருக்கலாம்.

2018 அக்டோபர் 21 அன்று கிட்ஹப்புக்கு நடந்ததை இந்தத் துறையில் இருக்கும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். பழுதான 100 கிகாபிட் ஒளிச் சாதனத்தை மாற்றும் வழக்கமான வேலையின்போது, அமெரிக்கக் கிழக்குக் கரையிலுள்ள அதன் நெட்வொர்க் மையத்துக்கும் முதன்மைத் தரவு மையத்துக்கும் இடையே இணைப்பு 43 வினாடி அறுந்தது. டேட்டாபேஸைக் கவனித்துவந்த மென்பொருளின் மற்ற உறுப்பினர்கள் முறைப்படி பெரும்பான்மை கண்டு, முதன்மையை மேற்குக் கரைக்கு மாற்றினார்கள். ஓட்டு விதி சரியாகவே வேலைசெய்தது. ஆனால் கிழக்கில் எழுதப்பட்டு மேற்குக்குப் போய்ச்சேராத தரவு கொஞ்சம் இருந்தது. மேற்கிலும் புதிதாக எழுதத் தொடங்கியாயிற்று. கிழக்கில் ஓடிய செயலிகளோ நாட்டின் குறுக்கே ஒவ்வொரு முறையும் போய்வரும் தாமதத்தைத் தாங்கும்படி கட்டப்பட்டவை அல்ல. 43 வினாடிக்கு விலையாக 24 மணி 11 நிமிடம் சேவை குறைபட்டது. தூரத்திலுள்ள தளத்துக்குத் தானாக மாறும் உரிமையைக் கிளஸ்டருக்குத் தரலாமா, மனிதர் ஒருவர் தீர்மானிக்கட்டுமா என்ற கேள்விக்கு என் விடை பின்னதே.

இன்னும் தீராத சிக்கல் ஒன்று இருக்கிறது. இதுவரை பேசியதெல்லாம் பாதை அறுந்ததைப் பற்றி. அறுபடாமல் நைந்துபோன பாதைக்குக் கிளஸ்டரிடம் நல்ல பதில் இல்லை. மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2017இல் இதைச் சாம்பல் நிறப் பழுது என்று பெயரிட்டு எழுதினார்கள். ஒரு ஒளி மாட்யூல் கெட்டு ஐம்பதில் ஒரு பாக்கெட் தொலைகிறது என்று வையுங்கள். பத்துத் துடிப்பும் வரிசையாகத் தொலைய வாய்ப்பு ஏறக்குறைய இல்லை. எனவே கிளஸ்டரின் கண்ணுக்கு அந்த நோடு முழு ஆரோக்கியம். ஆனால் அதே பாதையில் போகும் சேமிப்புப் போக்குவரத்து தவழத் தொடங்கியிருக்கும், அந்த நோடிடம் பிரதி கேட்கும் மற்ற நோடுகளும் கூடவே தவழும். ஒரு மணி நேரத்தில் மூன்று முறை வெளியேறிய நோடை இரண்டு மணி நேரம் ஒதுக்கிவைக்கும் ஏற்பாடு விண்டோஸ் 2016இல் வந்தது. அது விழுந்து எழும் நோடுக்கு உதவும், விழாமலே நொண்டும் நோடுக்கு உதவாது. ஸ்விட்ச் போர்ட்டின் பிழைக் கணக்கையும் கார்டின் மறு-அனுப்பல் கணக்கையும் கிளஸ்டருக்கு வெளியே தனியாக ஒரு கண்காணிப்பு பார்த்துக்கொண்டிருந்து, வரம்பு மீறினால் அந்த நோடின் சுமையை நிர்வாகியே இறக்கிவைப்பதுதான் இப்போதைக்கு இருக்கும் வழி.